தானாகத் திரும்பிய சக்கரம்

கமலேஷுக்குத் தோளில் காறை எலும்பு முறிந்ததற்குக் கமலேஷ்தான் காரணம் என்று எமரால்டு ஊரில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கமலேஷும் அப்படித்தான் சொன்னான். எல்சாவுக்கு மட்டும் அது மனசில் உட்காரவில்லை.

அவர்கள் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். எல்சா இப்போது ஒரு டீ ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறாள். இலை உருட்டும் மெஷினோ டிரையரோ நின்றுபோனால் முதலில் அவளுக்குத்தான் போன் வரும். கமலேஷ் அணைக்குப் போகும் ரோட்டில் கேரட் கழுவும் ஷெட் வைத்திருக்கிறான். அந்த ஷெட்டுக்குப் பின்னால், தகரம் போட்ட ஒரு மறைப்பில், இரண்டு பேரும் சேர்ந்து அந்த வண்டியைக் கட்டினார்கள். பைப்பை வளைத்து வெல்டு வைத்த கூண்டு, நொறுங்கிப்போன ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், உடம்புக்குப் பொருந்தாத பெரிய டயர்கள். மேடு பள்ளம் சேறு எதிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த குட்டி வண்டி. ஊரில் பக்கி வண்டி என்றார்கள். கமலேஷின் மனைவி மனிஷா வெறுமனே 'பக்கி' என்பாள். அவள் வாயில் அது திட்டு மாதிரியேதான் கேட்கும்.

கட்டுவது எல்சா, ஓட்டுவது கமலேஷ் என்று பேசி வைத்துக்கொண்டதில்லை. அப்படி அமைந்துவிட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கமலேஷ் வேறு ஆளாகிவிடுவான். கேரட் மூட்டை தூக்கும் ஆட்களிடம் குரல் உயர்த்திப் பேசாதவன், சரிவில் இறங்கும்போது ஓவென்று கத்துவான்.

மே மாதம் கிளென்மார்கன் பக்கம் தரிசாகக் கிடந்த ஒரு தனியார் சரிவில் பந்தயம் வைத்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கமலேஷ் முன்பக்கத்தை உயர்த்தச் சொன்னான். கல்லில் அடி தட்டுகிறது என்றான். எல்சா நீளமான ஷாக் அப்சார்பர் போட்டாள். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கைகள் இருக்கின்றனவே, ஆர்ம் என்பார்கள், அவற்றை நீளமாகச் செய்து, சட்டத்தில் இன்னும் கீழே இறக்கி மாட்டினாள். வண்டி முன்னங்காலைத் தூக்கிய ஆடு மாதிரி நின்றது. அவசர வேலைதான். ஆனால் வெல்டு ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள்.

பந்தயத்தில் வண்டி நன்றாகத்தான் போனது. கடைசி இறக்கத்துக்கு முன்னால், இடது முன்சக்கரம் ஒரு கல் மேட்டில் ஏறியதும் வண்டி சட்டென்று இடது பக்கம் வெட்டியது. அடுத்த நொடி உருண்டது. கூண்டு தாங்கியதால் தலை தப்பியது. தோள் அடிவாங்கி எலும்பு முறிந்தது.

ஊட்டியில் ஆஸ்பத்திரி வராந்தாவில், பந்தயத்துக்கு வந்த எல்லோர் முன்னாலும் மனிஷா கேட்டாள்: "கையில புடிச்சதை ஒழுங்காப் புடிக்கத் தெரியாதவருக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

அங்கேயே ஸ்ட்ரெச்சரில் கிடந்த கமலேஷ் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, கை நழுவிருச்சு," என்றான்.

அதோடு விஷயம் முடிந்துபோனது. எல்சாவுக்குத்தான் முடியவில்லை. கமலேஷ் கை நழுவுகிறவன் இல்லை. அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ இறக்கம் இறங்கியிருக்கிறாள். சேற்றில் வழுக்கும்போதுகூட அவன் விரல்கள் ஸ்டீயரிங்கை விட்டதில்லை.

ஃபேக்டரியில் இறுக்கத் தேவையில்லாத போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினாள். சூப்பர்வைசர், "ஏனுங்க மேடம், அதை நேத்துத்தானே பாத்தீங்க?" என்று கேட்டார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வைத்தவள் திறக்காமலேயே திரும்பக் கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது அவள் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தபித்தாள் முட்டியில் கையை வைத்து அமுக்கினாள்.

"காலை ஆட்டாதடி. பெஞ்சே ஆடுது."

காணிக்கைப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது எல்சா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. லவ்டேல் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினாள்.

பந்தயம் நடத்தியவர்களில் ஒருவர் வசந்த்குமார். மறுநாள் எல்சா அவருக்குப் போன் செய்தாள். அந்த மேட்டுப் பக்கம் நின்று யாராவது மொபைலில் எடுத்தார்களா என்று கேட்டாள்.

"நானே எடுத்தேன் மேடம். ஆனா அவரு விழுந்தது இருக்குதுன்னு யாருக்கும் அனுப்பலை. வேணுமுங்களா?"

"அனுப்புங்க."

வீடியோ ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தபோது டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு நடுவே ஒரு மூலையில் நின்று பார்த்தாள். வண்டி வருகிறது, கல்லில் ஏறுகிறது, வெட்டுகிறது, உருளுகிறது. திரும்பப் போட்டாள். மெதுவாக ஓடவிட்டாள். கமலேஷ் மஞ்சள் கையுறை போட்டிருந்தான். அந்த இரண்டு மஞ்சள் கைகளும் ஸ்டீயரிங்கில் நேராக, ஒரே மட்டத்தில் இருந்தன. அவை அசையவில்லை. சக்கரம் கல்லில் ஏறும்போது, அது தானாகவே வெளிப்பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் வண்டி வெட்டியது. அதற்கும் பிறகுதான் மஞ்சள் கைகள் பறந்தன.

எல்சா மொபைலைப் பாக்கெட்டில் போட்டாள். மறுபடி எடுத்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கேரட் ஷெட்டில் மனிஷா இருந்தாள். கமலேஷ் படுத்திருப்பதால் ஷெட்டை அவள்தான் நடத்தினாள். கழுவும் டிரம்மிலிருந்து கேரட் சிவப்புச் சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. லோடை மேட்டுப்பாளையம் மண்டிக்கு எடுத்துப்போகும் பிக்கப்பைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டுகிறவள் அவள். அப்பா வீட்டிலும் அதே தொழில்.

"எல்சாக்கா, அவரு ஊட்டுல படுத்திருக்காருங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

"வண்டியைப் பாக்கோணும்."

மனிஷாவின் முகம் இறுகியது. "அதைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு இருக்கோம்."

"போடு. ஆனா பாத்துட்டுப் போடு."

மனிஷா பின்னால் இருந்த மறைப்பின் சாவியை நீட்டினாள்.

பக்கி வண்டி, விழுந்த நாளில் கொண்டுவந்து தள்ளிவிட்ட இடத்திலேயே கிடந்தது. மேலே கூண்டில் ஒரு பைப் நெளிந்திருந்தது. முன்பக்கம் எதுவும் உடையவில்லை. அதுதான் எல்சாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உடைந்திருந்தால் எது தப்பென்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்டீயரிங்கை ஆடாமல் கயிறு போட்டுக் கட்டினாள். இடது பக்க ஷாக்கைக் கழற்றினாள், அப்போதுதான் சக்கரத்தை ஜாக்கி வைத்துச் சுலபமாக ஏற்றி இறக்கலாம். சக்கரத்தோடு ஒரு நீளமான அலுமினியப் பட்டியை முன்னோக்கிக் கட்டி, அதன் நுனியில் பென்சிலைச் சொருகினாள். எதிரே ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தினாள். சக்கரம் நேராக ஏறினால் பென்சில் கிட்டத்தட்ட நேர்க்கோடு போடும். ஆர்ம் ஆடுவதால் லேசாக வளையும், அது வழக்கம்.

ஜாக்கியை ஏற்றினாள். பென்சில் பலகையில் உரசிக்கொண்டு மேலே போனது. பாதி தூரம் பரவாயில்லை. அதற்கு மேல் கோடு வெளிப்பக்கம் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, கடைசியில் பலகையைத் தாண்டியே போய்விட்டது. பலகையில் அரிவாள் போல ஒரு கோடு விழுந்திருந்தது.

எல்சா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது தெரிந்தது. சக்கரத்தைத் தாங்குவது ஆர்ம். சக்கரத்தைத் திருப்புவது டை ராடு என்ற மெல்லிய கம்பி, அது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் ராக் என்ற இரும்புத் தண்டிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே சக்கரத்தைப் பிடித்திருப்பதால் இரண்டும் ஒன்றுபோல ஆடவேண்டும். ஆர்மைக் கீழே இறக்கியவள் ராக்கை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டுவிட்டாள். சக்கரம் மேலே ஏறும்போது ஆர்ம் ஒரு வழிக்கு இழுக்க, கம்பி இன்னொரு வழிக்குத் தள்ளியது. நடுவில் மாட்டிய சக்கரம், யாரும் கேட்காமல் திரும்பியது.

பின்னால் மனிஷா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என்னங்கக்கா அது?"

எல்சா மொபைலை எடுத்து வீடியோவைக் காட்டினாள். கையைப் பார், சக்கரத்தைப் பார் என்று மட்டும் சொன்னாள். மனிஷா பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள். அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு விடவே இல்லியே," என்றாள் மெதுவாக.

"விடலை."

"நான் ஆஸ்பத்திரியில அத்தனை பேரு முன்னால..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. டிரம்மை நிறுத்தச் சொல்லி உள்ளே கத்திவிட்டு, "வாங்க, ஊட்டுக்குப் போலாம்," என்றாள்.

கமலேஷ் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல முடியாது, சேனலை மாற்றிக்கொண்டிருந்தான். எல்சா எல்லாவற்றையும் சொன்னாள். வீடியோவைக் காட்டினாள். ராக்கை அப்படியே விட்டது நான்தான், உன்மேல் தப்பே இல்லை என்றாள். இதைச் சொன்னால் அவன் முகம் தெளியும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

முகம் கறுத்தது.

"யாரு உன்னைப் பாக்கச் சொன்னது?" என்றான்.

எல்சாவுக்குப் புரியவில்லை. "கமலேஷ், நீ தப்புப் பண்ணலைங்கறேன்."

"கேட்டுச்சு. என் தப்புன்னு இருந்தவரைக்கும், அடுத்த தடவை கெட்டியாப் புடிச்சாப் போதும்னு நெனச்சுட்டு இருந்தேன். அதை நெனச்சுட்டுத்தான் தூங்குனேன். இப்ப நீ வந்து, எத்தனை கெட்டியாப் புடிச்சிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்ங்கறே. அப்ப நான் என்ன பண்றது? எதைப் புடிக்கறது?"

ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தான். எழ முயன்று, தோள் வலித்து, உட்கார்ந்துவிட்டான். மனிஷா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தொட்டில் துணியைச் சரி செய்தாள். அவள் கை அவன் நல்ல தோளிலேயே இருந்தது. எல்சா அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தாள்.

மழை அன்றே ஆரம்பித்தது. எமரால்டில் தென்மேற்கு மழை வந்தால் ஆளைத் தள்ளும் காற்றோடுதான் வரும். எல்சா ஃபேக்டரி முடிந்ததும் தினமும் நனைந்துகொண்டே ஷெட்டுக்கு வந்தாள். வண்டியை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கட்டியது அவள், அரிவாள் கோட்டோடு அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மனிஷாவும் பழைய இரும்புப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் வந்து பார்த்தபோது ஒழுகிய தகரத்துக்குக் கீழே தார்ப்பாய் கட்டியிருந்தது.

எல்சா கிரைண்டரால் ராக்கைத் தாங்கியிருந்த பழைய தட்டை அறுத்து எடுத்தாள். ஆர்ம் மாட்டியிருக்கும் மட்டத்துக்கு ராக்கை இறக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். இறக்கினாள். இப்போது ஸ்டீயரிங் தண்டு ராக்குக்கு எட்டவில்லை, சாய்வு மாறிவிட்டது. குன்னூரில் தேடி அலைந்து, நடுவில் மடங்கும் ஒரு ஜாயிண்ட் வாங்கி வந்து கோத்தாள். மறுபடி பென்சில், மறுபடி ஜாக்கி. கோடு இந்த முறை உள்பக்கம் வளைந்தது. அதிகம் இறக்கிவிட்டாள். சுத்தியலைத் தூக்கி எறிந்தாள். அது கேரட் தொட்டியில் போய் விழுந்தது. போய் எடுத்து வந்தாள்.

அடுத்த நாள் புதிய தட்டில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக நீள ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள், ராக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம் என்று. கிரைண்டரை நிறுத்தியபோது வாசலில் கமலேஷ் குடையோடு நின்றிருந்தான்.

"ஊட்டுல இருக்க முடியலை," என்றான். யாரோ கேட்டது போல.

"வா."

"இந்தச் சத்தம் அங்க வரைக்கும் கேக்குது. டக்குனு நிக்கும். அப்புறம் மறுபடி. நின்னா என்ன ஆச்சோன்னு இருக்கு."

குடையை மடக்கிவிட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான். பழைய கோட்டைப் பார்த்தான். நல்ல கையின் விரலால் அதன்மேல் மெதுவாகத் தடவினான். எந்த இடத்தில் கோடு திரும்புகிறதோ அந்த இடத்தில் விரல் நின்றது. எல்சா பார்க்காதது போல ஸ்பேனரை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவன் தினமும் வந்தான். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொள்வான். எல்சா ராக்கை ஒரு நூல் ஏற்றுவாள், ஜாக்கியை அமுக்குவாள், கோடு விழும். "இன்னொருக்கா," என்பான். கோடு சரியாக இருந்தாலும் "இன்னொருக்கா" என்பான். எல்சாவும் மறுக்காமல் போட்டாள். பலகை நிறைந்து, மறுபக்கமும் நிறைந்தது. கடைசியில் இரண்டு சக்கரத்துக்கும் கோடு கீழிருந்து மேல்வரை, தண்ணீர் ஒழுகிய தடம் போல, நேராக விழுந்தது. எல்சா ராக்கை இறுக்கி, தட்டை நிரந்தரமாக வெல்டு வைத்தாள். கமலேஷ் வெல்டு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது ஆறும்வரை நகராமல் இருந்தான்.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிறு மதியம், ஷெட்டுக்கு மேலே அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த கமலேஷின் கேரட் காட்டுக்கு வண்டியைக் கொண்டு போனார்கள். எல்சா கற்களையும் மண்ணையும் போட்டு, இடது சக்கரம் மட்டும் ஏறுகிற மாதிரி ஒரு மேடு செய்தாள். கமலேஷ் தொட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனிஷா.

"ஓட்டிப் பாக்கோணுமல்ல."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"மெதுவாத்தான்."

"நான் ஓட்டறேன்," என்றாள் எல்சா. ஷெட் வாசலில் மெதுவாக உருட்டியதைத் தவிர அவள் அதை ஓட்டியதே இல்லை.

மனிஷா இருவரையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "மேட்டுப்பாளையம் கொண்டை ஊசி அத்தனையும் லோடோட இறங்கறவ நானு. தள்ளுங்க," என்று ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

கமலேஷ், "ரெண்டாவது கியர்லயே வெச்சுக்கோ, மேட்டுக்கு முன்னால காலை எடுத்துரு, ஸ்டீயரிங்கை இறுக்காதே..." என்று சொல்லிக்கொண்டே கூட ஓடினான். எஞ்சின் சத்தத்தில் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. வண்டி காட்டின் கோடிவரை போய்த் திரும்பி, மேட்டை நோக்கி வந்தது. எல்சா வண்டியைப் பார்க்கவில்லை, இடது சக்கரத்தை மட்டும் பார்த்தாள். ஏறியது. ஷாக் முழுசாக அமுங்கியது. சக்கரம் முகத்தைத் திருப்பாமல் நேராகவே இறங்கியது. வண்டி கோடு பிசகாமல் போனது.

பக்கத்தில் வந்து நின்றிருந்த கமலேஷ் எல்சாவின் கையைப் பிடித்திருந்தான். எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருந்தான் என்பது, விட்ட பிறகுதான் தெரிந்தது.

மனிஷா நிறுத்துவாள் என்று நினைத்தார்கள். அவள் நிறுத்தாமல் திரும்பி, இன்னும் வேகமாக மேட்டில் விட்டாள். மூன்றாவது முறை நான்கு சக்கரமும் தரையை விட்டன. இறங்கி வந்தவள் முகமெல்லாம் சேறு. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் எல்சா.

"சொன்ன பேச்சுக் கேக்குது." பிறகு கமலேஷிடம் திரும்பினாள். குரல் இறங்கியது. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுங்க."

கமலேஷ் தலையசைத்தான். அவன் கண் மட்டும் வண்டியைவிட்டு நகரவில்லை.

டாக்டர் தொட்டிலை எடுத்துவிட்ட வாரம் கமலேஷ் அதே காட்டில் வண்டியில் ஏறினான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடிவரை போய்த் திரும்பியவன் மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எல்சாவும் மனிஷாவும் வரப்பில் நின்றார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. அவன் இறங்கி வந்து மேட்டின்மேல் ஏறி நின்று, குதிகாலால் மிதித்துப் பார்த்தான். குனிந்து இடது சக்கரத்தின் கம்பியைத் தொட்டான். திரும்பப் போய் உட்கார்ந்தான். மறுபடியும் இறங்கினான். மனிஷா ஒரு அடி எடுத்து வைத்தாள். எல்சா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவன் மூன்றாவது முறை ஏறி உட்கார்ந்து, வண்டியை நகர்த்தினான். நடக்கிற வேகத்தில் இடது சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது. அவர்களிடம் வந்து நிறுத்தினான். கைகள் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

"பயமா இருக்கு எல்சா," என்றான். "எல்லாம் சரியா இருக்கு. இருந்தும் பயமா இருக்கு."

"ம்."

"இது போகுமா?"

"தெரியலை," என்றாள் எல்சா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இதைப் பலகையில் கோடு போட்டுப் பார்க்க வழியில்லை.

மனிஷா சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "நேரமாச்சுங்க, மழை புடிச்சுக்கும். இன்னொரு சுத்துப் போலாம்," என்றாள்.

கமலேஷ் அவளைப் பார்த்தான். கியரைப் போட்டான். வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு காட்டின் கோடிக்குப் போனது, திரும்பியது. இந்த முறை முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தது.